சோபாவில் பேஸ் இல்லை, அடுப்படி வாசலில் அதிர்கிறது

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஹால் 14 அடி நீளம், 10 அடி அகலம், ஒன்பதரை அடி உயரம். 10 அடிச் சுவரில் டிவி. அதற்கு நேர் எதிரே 7 அடி தள்ளி சோபா. சோபாவுக்குப் பின்னால் பீரோவும், அடுப்படிக்குப் போகும் வழியும். தீபாவளிக்கு ஒரு 5.1 செட் வாங்கினேன். 3 அங்குல சின்ன ஸ்பீக்கர் ஐந்து, பேஸுக்கென்று, அதாவது அடிச்சத்தத்துக்கென்று, 100 வாட் 8 அங்குல சப்வூஃபர் ஒன்று, எல்லாவற்றையும் ஓட்டும் தனி ரிசீவர். சப்வூஃபரை டிவி பக்கத்து ஜன்னல் மூலையில் வைத்திருக்கிறேன். சோபாவில் உட்கார்ந்தால் பேஸே இல்லை. அடுப்படி வாசலில் நின்றால் நெஞ்சு அதிர்கிறது. கானா பாட்டு போட்டால் சில அடிகள் மட்டும் கும்மென்று வீங்குகின்றன, மற்றவை காணாமல் போகின்றன. எல்லா ஸ்பீக்கரிலும் பேஸ் வரட்டும் என்று ரிசீவரில் எல்லாவற்றையும் 'லார்ஜ்' என்று வைத்துவிட்டேன். கீழ் வீட்டு ஓனரம்மா இரண்டு தடவை மேலே வந்துவிட்டார். கேபிள் செட்டாப் பாக்ஸை மாட்டினால் 'உம்ம்' என்று ஒரு சத்தம் வேறு. பர்மா பஜாரில் 12 அங்குல சப்வூஃபர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். இப்போதைக்கு ரிசீவரிலிருந்து சப்வூஃபருக்குப் போகும் ஆர்.சி.ஏ. கேபிள் 5 மீட்டரில் ஒன்று, சாக்பீஸ் ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். இவ்வளவு போதும்.

ஒரே பெட்டி, ஒரே வால்யூம். சோபாவில் ஒன்றுமில்லை, ஏழடி தள்ளிப் போனால் நெஞ்சு அதிர்கிறது. சப்வூஃபருக்குத் தெம்பு இல்லையென்றால் இரண்டு இடத்திலும்தான் தெம்பில்லாமல் இருக்கும். பேஸ் வந்துகொண்டுதான் இருக்கிறது. அது வற்றிப்போகும் இடமாகப் பார்த்து நீங்கள் சோபாவைப் போட்டிருக்கிறீர்கள். 12 அங்குலம் வந்தால் அடுப்படி வாசலில் பாத்திரம் ஆடும், ஓனரம்மா மூன்றாவது தடவை வருவார், சோபாவில் பள்ளம் அப்படியே இருக்கும்.

காரணம் இதுதான். செங்கல் சுவர், மேலும் கீழும் கான்கிரீட். இப்படிப்பட்ட ஹாலில் பேஸ் அலை அதிகம் வெளியே ஒழுகுவதில்லை, சுவருக்குச் சுவர் மோதித் திரும்புகிறது. அறையின் நீளத்துக்குள் சரியாகப் பாதி அலை அடங்குகிற சுருதி ஒன்று உண்டு. அந்தச் சுருதி வரும்போது சுவரோரம் சத்தம் வீங்கும், நடு அறையில் வற்றும். அது எந்தச் சுருதி என்று பார்க்க, 570ஐ அடிக்கணக்கால் வகுத்தால் போதும். நம் ஊரின் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1,145 அடி ஓடுகிறது. அதில் பாதிதான் அந்த 570.

உங்கள் 14 அடிக்கு 41 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 41 அதிர்வு. பேஸ் கிட்டாரில் தடித்த தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் வருவது அதுதான். 10 அடி அகலத்துக்கு 57. ஒன்பதரை அடி உயரத்துக்கு 60. சோபா 7 அடியில், அதாவது நீளத்தின் சரிபாதியில். 41 அங்கே செத்துவிடும். சோபாவின் நடு இடம் அகலத்திலும் சரிபாதி என்றால் 57ம் அங்கே போய்விடும். வீட்டிலேயே மரியாதையான இருக்கை எதுவோ அதில்தான் பேஸ் மிகக் குறைவு. அதே சமயம் 41இன் இரட்டிப்பான 82 ஹெர்ட்ஸ் நடு அறையில் வீங்கும். அதனால்தான் அடிவயிற்றில் இறங்காமல் மேலோட்டமாக 'தொம் தொம்' என்று மட்டும் கேட்கும். முன்சுவர், பின்சுவர் ஓரமாகப் போனால் 41, 82 இரண்டுமே வீங்கும். அகலமும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் 57ம் 60ம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. கானாவில் சில அடி மட்டும் வீங்குவது அந்தச் சுருதிகளின் பக்கத்தில் விழும் அடிகள்தான். அடுப்படி வாசல் பின்சுவரில் இருக்கிறது; எல்லாமே கூடும் இடம் அது.

எனவே முதல் வேலை சோபா. பீரோவை ஒன்றரை அடி நகர்த்தி, சோபாவில் உங்கள் தலை டிவி சுவரிலிருந்து எட்டரை முதல் ஒன்பது அடிக்குள் வருமாறு பின்னுக்குத் தள்ளுங்கள். பின்சுவரில் கொண்டுபோய் ஒட்டிவிடாதீர்கள். அங்கே பேஸ் அதிகம் கேட்கும், ஆனால் எல்லாம் ஒரே குழம்பாக இருக்கும். பக்கவாட்டில் முக்கால் அடி விலக இடமிருந்தால் அதையும் செய்யுங்கள். பார்க்கச் சற்றுக் கோணலாகத் தெரியும். காதுக்கு நல்லது.

அடுத்தது ரிசீவர். 'லார்ஜ்' என்று வைத்தது நல்ல எண்ணத்தில்தான், ஆனால் 3 அங்குலக் கூம்புக்கு அது தண்டனை. அதே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே கொடுக்க வேண்டுமென்றால் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆட வேண்டும். 160 ஹெர்ட்ஸில் அரை மில்லிமீட்டர் ஆடுவது 80இல் 2 மில்லிமீட்டர், 40இல் 8 மில்லிமீட்டர். 3 அங்குல ஸ்பீக்கரால் அது ஆகாது. முயற்சி செய்யும், கொரகொரக்கும், அதற்குள் போகும் வசனமும் கூடவே நடுங்கும். வால்யூம் கூட்டினால் கூம்பை ஆட்டும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் கருகும். இன்னொரு பக்கம், முன் ஸ்பீக்கர்களை லார்ஜ் என்று வைத்தால் பெரும்பாலான ரிசீவர்கள் பாட்டின் பேஸை சப்வூஃபருக்கு அனுப்புவதே இல்லை. அதற்குப் போவது படத்தின் '.1' தடம் மட்டும், அதாவது வெடி போன்றவற்றுக்கான தனி பேஸ் தடம். பாட்டு கேட்கும்போது உங்கள் சப்வூஃபர் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

ஐந்தையும் 'ஸ்மால்' என்று மாற்றி, கிராஸ்ஓவரை, அதாவது எந்தச் சுருதிக்குக் கீழே உள்ளதெல்லாம் சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 150 ஹெர்ட்ஸில் வையுங்கள். '.1' தடத்துக்கு 'எல்.எஃப்.இ.' என்றும் பெயர்; அதற்கான லோ பாஸ், அதாவது மேல் எல்லை, 120 ஹெர்ட்ஸ். 'எல்.எஃப்.இ. பிளஸ் மெயின்' என்ற வசதி இருந்தால் அதைப் போட வேண்டாம். சப்வூஃபரின் முதுகில் இன்னொரு கிராஸ்ஓவர் திருகு இருக்கும். அதைக் கடைசிவரை வலப்பக்கம் திருப்பிவிடுங்கள், அல்லது 'எல்.எஃப்.இ.' என்ற ஓட்டையில் கேபிளைச் செருகுங்கள். இல்லாவிட்டால் ரிசீவர் 150இல் வெட்ட, சப்வூஃபர் 80இல் வெட்ட, 80க்கும் 150க்கும் நடுவே யாருமே வாசிக்காத ஒரு குழி விழும். பறையின் உடம்பும் ஆண் குரலின் கனமும் அங்கேதான் இருக்கின்றன.

150 என்பது இஷ்டப்பட்டு வைக்கும் எண் அல்ல. சினிமா முறைப்படி 80 ஹெர்ட்ஸ் என்று எல்லாரும் சொல்வார்கள். அது 5, 6 அங்குல ஸ்பீக்கருக்குச் சரி. 100க்கு மேல் போகப்போக சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது கண்டுபிடித்துவிடும். கதாநாயகன் திரையில் நிற்க, அவர் குரலின் அடிப்பாகம் ஜன்னல் மூலையிலிருந்து வரும். சின்ன ஸ்பீக்கருக்கு நாம் கொடுக்கும் விலை இது. அதனால் சப்வூஃபரை டிவி சுவரைவிட்டு அதிக தூரம் கொண்டுபோக முடியாது. சோபாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் யோசனை உங்கள் செட்டுக்கு ஒத்துவராது. எல்லாம் முடித்த பிறகு 120இல் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். குரல் மெலியாமல் இருந்தால் 120லேயே விட்டுவிடலாம். சின்ன ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்குள் பொருத்தினால் அந்த இடத்துக்குக் கொஞ்சம் சதை கூடும்.

இனி சப்வூஃபருக்கு இடம் தேடுவது. மூலையில் வைத்தால் சத்தம் அதிகம் என்பது உண்மை. ஆனால் மூலை என்பது அறையின் எல்லா வீக்கத்தையும் ஒன்றாகக் கிளப்பிவிடும் இடம். இதைத் தலைகீழாகச் செய்து பார்க்க வேண்டும்: பெட்டியை நீங்கள் உட்காரும் இடத்தில், சோபா மேலேயே ஏற்றி வையுங்கள். ஐந்து மீட்டர் கேபிள் இதற்குத்தான். போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றை இறக்கி, 40, 50, 60, 70, 80, 100, 120 ஹெர்ட்ஸ் ஒவ்வொன்றாக, மிதமான வால்யூமில் ஓடவிடுங்கள். 40க்குக் கீழே போக வேண்டாம். பெட்டியிலிருந்து 'டக் டக்' என்று கேட்டால் காயில் அடியில் மோதுகிறது என்று அர்த்தம், உடனே குறையுங்கள். ஃபேன், பிரிட்ஜ் இரண்டையும் நிறுத்திவிடுங்கள்.

இப்போது நீங்கள் தவழ வேண்டும். டிவி சுவர் முழுக்க, பிறகு இரண்டு பக்கச் சுவர்களிலும் டிவியிலிருந்து மூன்றடி வரை, காது தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கும்படி. ஒரு அடிக்கு ஒரு இடம் என்று நின்று, ஏழு சுருதியும் எப்படிக் கேட்கிறது என்று கவனியுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அதிக சத்தம் வரும் இடத்தைத் தேடாதீர்கள்; ஏழும் ஏறக்குறைய சமமாகக் கேட்கும் இடம்தான் வேண்டும். அங்கே சாக்பீஸால் குறி போட்டுப் பெட்டியை இறக்குங்கள். உங்கள் ஹாலில் டிவி சுவரின் நடுவுக்குப் பக்கத்திலோ, பக்கச் சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளியோ அது அமைய வாய்ப்பு அதிகம். அகலத்தின் நடுவில் வைத்த பெட்டி 57 ஹெர்ட்ஸைத் தூண்டிவிடாது. டிவி ஸ்டாண்டு அலமாரிக்குள் மட்டும் நுழைக்காதீர்கள். காற்று ஓட்டை பின்பக்கம் இருந்தால் சுவருக்கும் அதற்கும் நான்கு அங்குலமாவது இடைவெளி வேண்டும்.

இடம் முடிவானதும் சப்வூஃபரின் ஃபேஸ் சுவிட்ச்; அதன் அலையும் மற்ற ஸ்பீக்கர்களின் அலையும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் சேர்ந்து தள்ள வைப்பது அது. 150 ஹெர்ட்ஸ் சுருதியை முன் ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சேர்ந்து வாசிக்கும்படி ஓடவிட்டு நீங்கள் சோபாவில் உட்காருங்கள். வேறு யாராவது சுவிட்சை 0க்கும் 180க்கும் மாற்றிக் காட்டட்டும். எதில் சத்தம் கூடுகிறதோ அதுதான் சரி. வித்தியாசமே தெரியவில்லையென்றால் ரிசீவரில் சப்வூஃபரின் தூரத்தை ஒவ்வொரு அடியாகக் கூட்டிப் பாருங்கள். 150 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏழரை அடி. நான்கு அடி மாற்றுவதும் சுவிட்சைப் புரட்டுவதும் ஒன்றுதான். ரிசீவருடன் வந்த மைக்கை வைத்துத் தானாக அளக்கவிட்டால், நிஜ தூரத்தைவிட அதிகமாக அது காட்டலாம். தப்பென்று நினைத்துத் திருத்தாதீர்கள். சப்வூஃபருக்குள் இருக்கும் சர்க்யூட்டின் தாமதத்தையும் அது தூரமாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் சின்ன ஸ்பீக்கரை மறுபடி 'லார்ஜ்' என்று அதுவே மாற்றிவிட்டதா என்று மட்டும் பாருங்கள். சில ரிசீவர்கள் கூசாமல் அப்படிச் செய்யும்.

ஐந்து ஸ்பீக்கரின் வயரும் பிளஸ் பிளஸ்ஸோடு, மைனஸ் மைனஸோடு போகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒன்று மாறியிருந்தாலும் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும்.

அளவு வைக்கும்போது சப்வூஃபர் திருகை நடுவில் வைத்து, மிச்சத்தை ரிசீவரில் சரிசெய்யுங்கள். ரிசீவரின் சோதனை இரைச்சலை, போனில் சத்தம் அளக்கும் செயலியில் எல்லாச் சேனலிலும் 75 டெசிபல் வருமாறு, பேஸையும் சேர்த்து அளக்கும் 'சி' வெயிட்டிங்கில் வைத்தால் போதும். போன் மைக்குகள் அடி பேஸைக் குறைத்துக் காட்டும், அதனால் சப்வூஃபருக்கு அந்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள். காதுக்கு ஏற்ப மூன்று டெசிபல் கூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். 'பேஸ் பூஸ்ட்' பொத்தானில் 6 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் நான்கு மடங்கு வாட் கொடுக்க வேண்டும். 100 வாட் பெட்டியில் அவ்வளவு இருப்பு கிடையாது.

இவ்வளவும் செய்து பாட்டு நன்றாக இருக்கிறது, படத்தில் மட்டும் வெடி வெடிக்கவில்லை என்றால் கோளாறு டிவியில். டிவியின் ஆடியோ அவுட்புட் 'பி.சி.எம்.' என்று இருந்தால் பெரும்பாலும் ஸ்டீரியோதான் வெளியே வரும்; 5.1ஐ ஸ்டீரியோவாகச் சுருக்கும்போது '.1' தடத்தைப் பொதுவாகத் தூக்கி எறிந்துவிடுவார்கள். 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'டால்பி டிஜிட்டல்' என்று மாற்றுங்கள்.

எதிர்பார்ப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் அதிக சத்தம்: இந்த மூன்றில் இரண்டுதான் ஒரு பெட்டியில் கிடைக்கும். ஹாஃப்மன் இரும்பு விதி என்பார்கள். 1957இல் தொடங்கிய கே.எல்.எச். என்ற ஸ்பீக்கர் கம்பெனியின் பெயரில் கடைசி எழுத்து அவருடையது. உங்கள் 8 அங்குலம் 40 ஹெர்ட்ஸ் வரை கௌரவமாக இறங்கும். தவில், பறை, பேஸ் கிட்டார் எல்லாம் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். படத்தில் வரும் 25 ஹெர்ட்ஸ் நிலநடுக்கம் வராது. அதை மாடி வீட்டில் கேட்காமல் இருப்பதே உத்தமம்.

பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் முன் இரண்டு ஸ்பீக்கரையும் 5 அங்குல புக்ஷெல்ஃப் வகைக்கு மாற்றுங்கள். முடிந்தால் நடு ஸ்பீக்கரையும். கிராஸ்ஓவர் 80க்கு இறங்கும், ஆண் குரல் திரைக்குத் திரும்பிவிடும், சப்வூஃபர் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. அதற்கப்புறமும் ஆசை விடவில்லையென்றால் இதே 8 அங்குலத்தில் இன்னொன்று. ஒன்று டிவி சுவரின் நடுவில், ஒன்று பின்சுவரின் நடுவில். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தால் உட்காரும் இடங்களுக்கிடையே பேஸ் வித்தியாசம் நன்றாகக் குறைகிறது என்று ஹார்மன் ஆடியோ நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். உங்கள் 41 ஹெர்ட்ஸ் பிரச்சினைக்கு நேர் மருந்து அது. 12 அங்குலம் பார்த்தீர்களே, அது காருக்கான பெட்டியாக இருந்தால் உள்ளே ஆம்ப்ளிஃபயரே இருக்காது, தனியாக வாங்க வேண்டும். அட்டையில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் வாட் போட்டிருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது, தொடர்ந்து கொடுக்கக்கூடிய நிஜ வாட், அதாவது ஆர்.எம்.எஸ். வாட், எவ்வளவு என்று கேளுங்கள்.

ஓனரம்மா விஷயம். பெட்டியின் நடுக்கம் தரை வழியாகவும் இறங்குகிறது, காற்று வழியாகவும் இறங்குகிறது. தரை வழியை அடைக்க வாஷிங் மெஷினுக்கு அடியில் வைக்கும் ரப்பர் பாதங்கள் நான்கு போதும். மொசைக் தரையில் பெட்டி நகர்வதும் நிற்கும். காற்று வழிக்கு மருந்து குறைவு. ஒரு அங்குல ஸ்பாஞ்ச் ஒட்டினால் பேஸ் அடங்கும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். 60 ஹெர்ட்ஸ் அலையின் கால் பாகமே ஏறக்குறைய ஐந்தடி; ஒரு அங்குலத்தை அது கண்டுகொள்ளாது. மூலையை விட்டுப் பெட்டியை எடுப்பதாலேயே கீழே போகும் வீக்கம் குறையும். ராத்திரி 10 மணிக்கு மேல் ரிசீவரின் 'நைட் மோட்' போட்டு, சப்வூஃபரை 5 டெசிபல் இறக்கிவிடுங்கள். அப்போதும் 57, 60 பக்கம் வீங்கினால் காற்று ஓட்டையில் இரண்டு காலுறையைச் சுருட்டிச் செருகுங்கள். ஆழம் கொஞ்சம் போகும், வீக்கம் நிறைய அடங்கும்.

சுருதிகளை ஓட்டும்போதே வீட்டில் எது ஆடுகிறது என்றும் தெரிந்துவிடும். பெரும்பாலும் பீரோ கதவு, ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கொக்கி, லாஃப்ட்டில் கவிழ்த்த பித்தளைப் பாத்திரம். 'லொட லொட' என்பதை ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று எண்ணிப் பழுதுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. முதலில் பீரோ கதவில் கையை வைத்து அழுத்திப் பாருங்கள்.

உங்கள் பக்கம் கடல் காற்றும் இருக்கிறது. காசிமேடு, ராயபுரம், வண்ணாரப்பேட்டை வீடுகளில் ஸ்பீக்கர் வயரின் செம்பு நுனி பச்சை பூத்துவிடும், ஆர்.சி.ஏ. பின் மங்கிவிடும்; பேஸ் விட்டு விட்டு வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயர் நுனியில் அரை அங்குலம் வெட்டிப் புதிதாகச் சீவிச் செருகுங்கள். பின்னை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள்.

கடைசியாக அந்த 'உம்ம்'. கேபிள் மாட்டினால் வருகிறது, கழற்றினால் போகிறது என்று நீங்களே சொல்லிவிட்டதால் பாதி வேலை முடிந்தது. கேபிள் ஆபரேட்டரின் வயர் உறை எங்கோ வேறு இடத்தில் பூமியைத் தொடுகிறது, உங்கள் செட் வீட்டு எர்த்தில் தொடுகிறது. இரண்டுக்கும் இடையே ஓடும் சின்ன மின்னோட்டம் சப்வூஃபர் கேபிளின் உறையில் ஏறி 50 ஹெர்ட்ஸாகக் கேட்கிறது. முதலில் டிவி, ரிசீவர், சப்வூஃபர், செட்டாப் பாக்ஸ் நான்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகிப் பாருங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டால் சத்தம் நின்றுவிடும் என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இருப்பார்கள். நிற்கும்தான், ஒருநாள் உள்ளே லீக் ஆனால் ரிசீவரின் உடம்பே ஷாக் அடிக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 பக்கம் காட்டாவிட்டால் அந்தப் பாயின்ட்டில் எர்த்தே இல்லை. பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டையாக இருப்பது சகஜம்.

எர்த் சரியாக இருந்தும் சத்தம் போகாவிட்டால் செட்டாப் பாக்ஸுக்குள் நுழையும் கேபிளில் கிரவுண்ட் ஐசோலேட்டர் ஒன்றைத் திருகுங்கள். ரிச்சி தெருவில் கிடைக்கும். மாடியில் டிஷ் வைத்த டி.டி.எச். இணைப்புக்கு இதைப் போடக் கூடாது, டிஷ்ஷுக்குப் போகும் மின்சாரத்தை அது தடுத்துவிடும். உங்களுடையது கேபிள் என்பதால் பயமில்லை. சப்வூஃபர் கேபிளின் நடுவில் மாட்டும் ஆர்.சி.ஏ. ஐசோலேட்டரைக் கடைக்காரர் நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குள் இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் 'உம்ம்'மை விழுங்கும்போது 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் பேஸையும் சேர்த்து விழுங்கும்.